அடுக்களைக்கு ஏற்ற கத்தி

சமயபுரம் மாரியம்மன் கோயிலில் மாசி மாதக் கடைசி ஞாயிறன்று பூச்சொரிதல் தொடங்கிவிட்டால், சித்திரைத் தேர் நிலைக்கு வரும் வரையில் அவ்வூர்க் கடைத்தெரு நிறைந்தே இருக்கும். திருச்சியிலிருந்து காவிரியையும் கொள்ளிடத்தையும் கடந்து வருவோரும், மண்ணச்சநல்லூர், இலால்குடிப் பக்கத்து உழவர் குடும்பத்தினரும் அம்மனைத் தரிசித்த பின்னர் வீட்டிற்கென்று ஏதேனும் ஒரு சாமான் வாங்காமல் திரும்புவதில்லை. வளையலும் குங்குமமும் வாங்கிய கையோடு, பளபளவென்று அடுக்கி வைத்திருக்கும் கத்திகளில் ஒன்றையும் எடுத்துக்கொள்வோர் உண்டு. அக்கத்தி ஆடி மாதத்திற்குள் மழுங்கி, தக்காளியை நறுக்குவதற்குப் பதிலாக நசுக்கத் தொடங்கிவிடும். அடுத்த திருவிழாவிற்கு மற்றொரு கத்தி! வாங்குவதும் எறிவதுமாகவே காலம் கழிகிறது.

கத்தி அற்பப் பொருள். அதற்கு ஒரு கட்டுரையா என அங்கத்தினர் சிலர் எண்ணலாம். அறுவடைக் காலத்தில் எந்த உழவரும் மொட்டை அரிவாளுடன் வயலில் இறங்குவதில்லை. ஆனால் அதே வீட்டில், நாள்தோறும் இருவேளையும் காய் நறுக்கும் தாய்மாருக்கு மொட்டைக் கத்தியே வாய்க்கிறது. கூரிய கத்தி வைத்த இடத்தில் இறங்கும். மழுங்கிய கத்தியோ அழுத்தத்தை வேண்டும். அழுத்துகையில் வழுக்கும், வழுக்கினால் விரலில் பாயும். நெசவாளர் வீட்டில் விரல் அறுபட்டால் அறுந்த இழையைப் பிணைப்பது எங்ஙனம்? அன்றைய கூலியும் அதனோடு போகிறது. ஆகவே இது சிக்கனத்தைப் பற்றிய விஷயம் மட்டுமன்று. உழைக்கும் கையைப் பற்றியதுமாகும்.

நம் பாட்டிமார் காலத்தில் அரிவாள்மணையே அடுக்களையை ஆண்டது. மணையில் காலை ஊன்றி அமர்ந்தால் அலகு அசையாது நிற்கும். காயை இரு கைகளாலும் பிடித்து அறுக்கலாம். வாழைப்பூ ஆய்வதற்கும் தேங்காய் துருவுவதற்கும் அதற்கு நிகர் இன்றும் இல்லை. எனினும் மேடை அடுப்பு வந்த வீடுகளில் நின்றுகொண்டே சமைப்பது வழக்கமாகிவிட்டது. முழங்கால் வலியால் தரையில் அமர இயலாத முதியோரும் பலர். இவர்களுக்குக் கத்தி தேவைப்படுகிறது. எத்தகைய கத்தி என்பதே கேள்வி.

முதலில் எஃகைக் கவனிப்போம். நொய்யலாற்றங்கரைக் கொடுமணலில் 1980களிலும் அதன் பின்னரும் நிகழ்ந்த அகழாய்வுகள், பண்டை நாளிலேயே அங்கு இரும்பும் எஃகும் உருவாக்கப்பட்டதற்குச் சான்று தந்தன. தென்னாட்டு உருக்கின் பெருமையை அறிந்து மைக்கேல் பாரடே என்னும் ஆங்கில விஞ்ஞானி 1819இல் அதனை ஆராய்ந்தார். துருப்பிடியாத எஃகு மிகவும் பிற்பட்டது. 1913இல் ஷெபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி என்பவர் அதனை உருவாக்கினார். நூற்றுக்குப் பத்தரைப் பங்கேனும் குரோமியம் கலந்த அவ்வகை எஃகையே நாம் எவர்சில்வர் என வழங்குகிறோம்.

இன்று கடையில் கிடைப்பவை இவ்விரு வகையே. கொல்லர் அடித்துத் தரும் கருப்பு எஃகுக் கத்தி எளிதில் கூர் ஏறும். ஆயின் புளி, எலுமிச்சை, வாழைக்காய் ஆகியவை பட்டால் கறுக்கும்; ஈரத்துடன் விட்டால் துருப்பிடிக்கும். எவர்சில்வர்க் கத்திக்கு அத்தொல்லை குறைவு. ஆனால் அதில் தரம் பல. பாத்திரத்திற்குரிய எவர்சில்வர் வேறு, கத்திக்குரிய எவர்சில்வர் வேறு. நிக்கல் கலந்த பாத்திர எவர்சில்வரைக் காய்ச்சித் தோய்த்தாலும் அது கடினமாவதில்லை. அதில் இட்ட கூர் நில்லாது. இதனைச் சோதிக்க ஒரு சிறு காந்தம் போதும். அலகில் காந்தம் ஒட்டாவிடில் அக்கத்தியை வாங்கலாகாது. ஒட்டிவிட்டது என்பதால் மட்டும் அது நல்ல கத்தி என்று துணிந்துவிடவும் கூடாது.

கூர் நிற்பது துவைச்சலைப் பொறுத்தது. அலகைச் செக்கச்சிவக்கக் காய்ச்சி எண்ணெயிலோ நீரிலோ தோய்த்தால் அது கடினமாகும். ஆனால் கண்ணாடி போல் நொறுங்கும் தன்மையும் அடையும். பின்னர் ஏறக்குறைய 200 டிகிரி வெப்பத்தில், அலகு வைக்கோல் நிறம் பெறும்வரை மெல்லச் சூடேற்றினால் நொறுங்கும் தன்மை தணியும். இவ்விரண்டும் அளவோடு அமைவதே துவைச்சல். பழைய லாரிகளின் வில்பட்டையை எடுத்து உள்ளூர்க் கொல்லர் செய்யும் கத்தி நன்கு உழைப்பதற்கு, அந்த எஃகு துவைச்சலை ஏற்கும் இனமாயிருப்பதே காரணம். திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பெயர் வந்தது பளபளப்பினால் அன்று.

கடையில் பார்க்க வேண்டுவன சிலவே. அலகின் நீளம் ஆறு முதல் எட்டு அங்குலம் இருப்பின் வீட்டிற்குப் போதும். கண்ணுக்கு நேரே பிடித்து நோக்கினால் கத்தி நூல் பிடித்தாற்போல் நேராக இருத்தல் வேண்டும். முதுகிலிருந்து வாய் வரை கனம் சீராகக் குறைந்து வரவேண்டும். அலகின் வால் பிடிக்குள் நெடுகச் சென்று ஆணிகளால் இறுகியிருப்பது நலம். பிடிக்கும் அலகுக்கும் இடையே சந்து இருந்தால் நீர் தங்கி அழுக்குச் சேரும். கைப்பிடித்தபோது விரல் முட்டி பலகையில் இடியாதவாறு அலகிற்கு அகலமும் வேண்டும்.

விலை மிகுந்தால் தரமும் மிகும் என்பது முழு உண்மையன்று. ஸ்விட்ஸர்லாந்தில் 1884இல் கார்ல் எல்ஸனர் என்பவர் ஒரு கத்திப் பட்டறை தொடங்கினார். தம் நாட்டுப் படைவீரருக்குரிய கத்திகள் ஜெர்மனியிலிருந்து வருவதைக் கண்டு, தொழிலாளர் பலரை ஒரு சங்கமாகத் திரட்டி, 1891இல் அக்கத்திகளை உள்நாட்டிலேயே செய்தளித்தார். அவர் தொடங்கிய நிறுவனமே இன்றைய விக்டோரிநாக்ஸ். அந்நிறுவனத்தின் எளிய சமையற் கத்தி தகட்டிலிருந்து வெட்டியெடுக்கப்பட்டு, சாதாரணப் பிடி பொருத்தப்பட்டதேயாகும். எனினும் பல நாட்டு உணவு விடுதிகளில் அது உழைத்து வருகிறது. ஆதலின் நல்ல எஃகிற்குப் பணம் கொடுக்கலாம். பூவேலைப் பிடிக்கும் அழகிய பெட்டிக்கும் கொடுக்க வேண்டுவதில்லை. நூறு ரூபாய்க் கத்தியை ஆண்டுக்கு இருமுறை மாற்றுபவர் பத்தாண்டில் இரண்டாயிரம் ரூபாய் செலவிட்டும் ஒரு நாளும் நல்ல கத்தியைக் கண்டவராகார்.

எவ்வளவு உயர்ந்த கத்தியும் தீட்டாவிடில் மழுங்கும். எனவே கத்திக்கென ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கைச் சாணைக்கல்லுக்கு வைத்துக்கொள்க. கல்லை நனைத்து, அலகைச் சற்றே சாய்த்து வைத்து, இருபுறமும் சமமாகத் தேய்க்க வேண்டும். ஐந்து சென்டிமீட்டர் அகலமுள்ள கத்தியாயின் அதன் முதுகு கல்லிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் உயர்ந்திருந்தால் சாய்வு சரியாக இருக்கும். கல் இல்லாத நேரத்தில் பீங்கான் கோப்பையின் அடியிலுள்ள மெருகில்லா விளிம்பும் உதவும். தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுத்தால், சக்கரத்தில் அலகு நீலம் பாரிக்கும் அளவுக்குச் சூடேறாமல் பார்த்துக்கொள்க. நீலம் பாரித்த இடத்தில் துவைச்சல் போய்விடும். நறுக்குவதற்கு மரப்பலகையே உகந்தது. கருங்கல் மேடையும் எவர்சில்வர்த் தட்டும் கூரைக் கெடுக்கும். கருப்பு எஃகுக் கத்தியைக் கழுவியவுடன் துடைத்து, சிறிது தேங்காயெண்ணெய் தடவி வைப்பது நன்று.

நம் சங்கங்களும் இதில் செய்யக்கூடியது ஒன்றுண்டு. நூலையும் உரத்தையும் ஒன்றுசேர்ந்து வாங்கும் நாம், இருபது முப்பது குடும்பங்களுக்குரிய கத்திகளை அண்மையிலுள்ள கொல்லரிடம் ஒருங்கே சொல்லிச் செய்விக்கலாம். இன்ன நீளம், இன்ன கனம், துவைச்சல் பிழைத்தால் மீண்டும் செய்து தருதல் என்று முன்னரே பேசி முடிக்கலாம். சங்கக் கட்டடத்தில் ஒரு நல்ல சாணைக்கல் இருந்தால், மாதக் கூட்டத்திற்கு வருவோர் தம் வீட்டுக் கத்தியையும் எடுத்துவந்து தீட்டிச் செல்லலாம். வாங்கும் குடும்பத்திற்குப் பணம் மிஞ்சும். கொல்லர் உலையும் அணையாது.

அரிவாளைத் தீட்டும் கை அடுக்களைக் கத்தியையும் தீட்டட்டும். அடுத்த திருவிழாவில் கத்திக் கடையின் முன் நிற்கும் அன்பர்கள், கையில் ஒரு சிறு காந்தத்தையும் மனத்தில் இந்தச் சில குறிப்புகளையும் கொண்டு செல்வார்களாக.