உலாவிக்கும் காவல் வேண்டும்



“கணினி நன்றாகத்தானே இயங்குகின்றது, அதனை ஏன் அடிக்கடி இற்றைப்படுத்த வேண்டும்?” எனப் பலர் வினவுகின்றனர். 2014ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒன்று இவ்வினாவுக்குத் தக்க விடையாகும்.

இணையப் பக்கங்களை நமக்குத் திறந்து காட்டும் மென்பொருளே உலாவி. முன்பின் அறியாதார் எழுதிய பக்கத்தையும் அது ஏற்று, அதிலுள்ள கட்டளைகளை நிறைவேற்றுகின்றது. ஆதலின், கணினி என்னும் இல்லத்துக்கு அதுவே தலைவாயில் எனலாம்.

2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி என்னும் பணிசெயல் முறைமைக்குப் பொதுமக்களுக்கு அளித்துவந்த ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2014 ஏப்பிரல் 8ஆம் திகதியுடன் நிறுத்திற்று. பதினெட்டு நாள்களே கழிந்தன. ஏப்பிரல் 26ஆம் திகதி, தனது இன்ரர்நெற் எக்ஸ்புளோரர் உலாவியின் 6ஆம் பதிப்பு முதல் 11ஆம் பதிப்பு வரை அனைத்திலும் பழுதொன்று உள்ளதென அந்நிறுவனமே அறிவித்தது. அதற்கு முன்னரே தீயோர் அப்பழுதைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டனர்.

அப்பழுது யாது? வீட்டைக் காலிசெய்து சென்ற ஒருவருக்குப் பழைய முகவரியிலேயே கடிதம் கொடுக்கப்படுகின்றது என்று வைத்துக்கொள்வோம். அங்கே புதிதாகக் குடிபுகுந்த வஞ்சகன் அதைப் பெற்றுக்கொள்வான் அன்றோ? அவ்வாறே, தான் விட்டுக்கொடுத்த நினைவக இடத்தை உலாவி மீண்டும் நாடிற்று. தீயோர் அவ்விடத்தில் தம் கட்டளைகளை வைத்தனர். பக்கமொன்றைத் திறந்த அளவிலேயே கணினி அவர்கள் வசமாகக்கூடிய நிலை ஏற்பட்டது. திருத்தம் வரும்வரை வேறு உலாவியை நாடுமாறு அமெரிக்க அரசின் கணினிப் பாதுகாப்புக் குழு ஆலோசனை கூறிற்று.

மாதத்தின் இரண்டாஞ் செவ்வாய்க்கிழமையே திருத்தங்கள் வெளியிடும் வழக்கமுடைய அந்நிறுவனம், அதுவரை காத்திராது மே 1ஆம் திகதியே திருத்தத்தை வெளியிட்டது. ஆதரவிழந்த எக்ஸ்பிக்கும் விதிவிலக்காக அதனை வழங்கிற்று. ஆயினும் அது சலுகையேயன்றி உரிமையன்று. பின்னர் குரோம் உலாவி 2016இலும் பயர்பொக்ஸ் 2018இலும் எக்ஸ்பியைக் கைவிட்டன. விண்டோஸ் 10இன் பொதுவான ஆதரவும் 2025 அக்டோபர் 14இல் முடிவுற்றது.

இன்னொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. திருத்தம் வெளிவந்ததும், பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுப் பழுது எங்கே இருந்ததென்பதைக் கள்வரும் கண்டுகொள்வர். ஆகவே, திருத்தம் வந்தபின் தாமதிப்போர்க்கே ஆபத்து மிகுதி.

பாடசாலைக் கணினியொன்றில் மாணவரின் புள்ளிகளும் பெற்றோரின் விபரங்களும் உள்ளன. அவற்றைக் காப்பது நம் கடமை. தானியங்கி இற்றைப்படுத்தலை நிறுத்தாதீர்கள். திருத்தம் வந்தபின் உலாவியை மூடித் திறவுங்கள். கேட்கப்படின் கணினியையும் மீளத் தொடக்குங்கள். அதன் பின்னரே திருத்தம் முழுப்பயன் தரும். ஏதோவோர் இணையப் பக்கம் “இற்றைப்படுத்துக” என அழைப்பின் நம்பற்க; உலாவியின் சொந்த அமைப்புப் பகுதியிலேயே சென்று பாருங்கள்.

கதவின் தாழ் பழுதென்று ஊரறிந்த பின்னும் அதைத் திருத்தாது உறங்குதல் அறிவுடைமையாகாது.