பந்துக்கு முந்தும் கண்

சிங்கப்பூரின் செம்பவாங்கில் வெயில் தாழ்ந்த பிறகு, வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்குகளுக்கு நடுவே வேலி போட்ட சின்னத் திடல்களில் காற்பந்து சூடுபிடிக்கும். அந்தப் பக்கம் போனால் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். ஆனால் பந்தைப் பார்க்க வேண்டாம். பந்து காலில் இல்லாத ஒரு பையனைத் தேர்ந்துகொண்டு அவன் தலையை மட்டும் கவனியுங்கள். பந்து தன்னிடம் வந்து சேர்வதற்குள் எத்தனை தடவை தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கிறான்?

பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கண் பந்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். பந்து காலுக்கு வந்த பிறகுதான் தலையைத் தூக்குவார்கள். அதற்குள் எதிரணிக்காரன் மேலே விழுந்துவிடுவான். எப்போதாவது ஒரு பையன் மட்டும் வேறு மாதிரி இருப்பான். பந்து எங்கோ இருக்கும்போதே இடது தோள், வலது தோள், மறுபடி இடது என்று அவன் தலை திரும்பிக்கொண்டே இருக்கும். பந்து அவனிடம் வந்ததும் பதற்றமே இராது. ஒரே தொடுகையில், யாரும் இல்லாத இடத்துக்கு அதை அனுப்பிவிடுவான்.

மத்திய திடல் ஆட்டக்காரரின் கலை முழுவதும் அந்தத் தலைத் திருப்பலில்தான் தொடங்குகிறது. அதற்குள் இருக்கும் அறிவியலைப் புரிந்துகொள்ள, ஸ்பெயினின் ஸாவி ஹெர்னாண்டெஸைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடையாது.

ஸாவி 1980இல் பார்சலோனாவுக்கு அருகில் உள்ள டெராசா நகரில் பிறந்தவர். 11 வயதில் பார்சலோனா குழுவின் இளையர் பள்ளியான லா மாசியாவில் சேர்ந்தார். 1998இல் மூத்தோர் அணிக்கு ஆடத் தொடங்கினார். உயரம் 170 சென்டிமீட்டர். வேகமாக ஓடுபவர் என்று அவரை யாரும் சொன்னதில்லை. முட்டிமோதிப் பந்தைப் பறிக்கும் உடம்பும் இல்லை. அப்படிப்பட்டவர் பார்சலோனாவுக்கு 767 ஆட்டங்கள், ஸ்பெயினுக்கு 133 ஆட்டங்கள் ஆடினார். 2008இல் ஐரோப்பியக் கிண்ணம், 2010இல் உலகக் கிண்ணம், 2012இல் மீண்டும் ஐரோப்பியக் கிண்ணம் என்று ஸ்பெயின் வரிசையாக வென்றபோது மூன்றிலும் நடுவில் நின்றவர் அவர்தான். 2011 மே மாதம் லண்டனின் வெம்பிளி அரங்கில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் அவர் 148 தடவை பந்தைக் கடத்தினார். அவற்றில் 141 தோழர்களின் காலுக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தன. 35 வயதில் பார்சலோனாவை விட்டுக் கத்தாரின் அல் சாத் குழுவுக்குப் போனார். அங்கு 39 வயதுவரை ஆடினார். வேகத்தை நம்பிய கால்கள் எப்போதோ ஓய்ந்துவிடும் வயது அது.

இதெல்லாம் எப்படி முடிந்தது என்ற கேள்விக்கு விடை தேடியவர்களில் ஒருவர், நோர்வே விளையாட்டு அறிவியல் பள்ளியைச் சேர்ந்த உளவியலாளர் கெய்ர் யோர்டெட். அவர் படக்கருவியைப் பந்தின்மேல் வைக்கவில்லை. ஆட்டக்காரரின் முகத்தின்மேல் வைத்தார். பந்து ஒருவரிடம் வருவதற்கு முந்தைய 10 வினாடிகளில், பந்திலிருந்து கண்ணை எடுத்து அவர் எத்தனை முறை சுற்றிலும் பார்க்கிறார் என்று எண்ணினார். 2013இல் வெளிவந்த ஆய்வில் அவரும் சகாக்களும் இங்கிலாந்து பிரிமியர் லீக்கின் 118 ஆட்டக்காரர்களை 1,279 தருணங்களில் அலசினார்கள். அடிக்கடி சுற்றிப் பார்த்தவர்களின் பந்து, பார்க்காதவர்களின் பந்தைவிடக் கூடுதலாகத் தோழர்களைச் சென்றடைந்தது. முன்னோக்கி அனுப்பும் கடினமான பந்துகளில் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரிந்தது. யோர்டெட் அளந்தவர்களில் உச்சத்தில் இருந்தவர் ஸாவி: வினாடிக்கு ஏறத்தாழ 0.8 முறை. பத்து வினாடியில் எட்டுத் தடவை உலகத்தைப் புதிதாகப் பார்த்துக்கொள்கிறார் என்று பொருள்.

ஏன் இத்தனை முறை பார்க்க வேண்டும்? நம் கண்ணின் அமைப்பே அப்படி. கையை நேராக நீட்டிக் கட்டைவிரலைப் பாருங்கள். அந்த நகத்தின் அகலம் அளவுக்குத்தான், அதாவது ஏறத்தாழ 2 பாகை அளவுக்குத்தான், கண் கூர்மையாகப் பார்க்கிறது. அதற்கு வெளியே அசைவு தெரியும், நிறம் ஓரளவு தெரியும், விவரம் தெரியாது. தலைக்குப் பின்னால் உள்ள அரைவட்டம் முழுக்க இருட்டு. கண் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவும் அந்தக் கணத்தில்கூட மூளை காட்சியை அடக்கிவைத்துவிடுகிறது. நாம் தொடர்ச்சியாகப் பார்ப்பதாக உணரும் உலகம், உண்மையில் துண்டு துண்டாக வாங்கிய பார்வைகளை மூளை ஒட்டித் தைத்தது.

மத்திய திடலில் நிற்பவருக்கு இது பெரிய சங்கடம். பின்தற்காப்பாளருக்கு ஆட்டம் முழுக்க முன்னால் இருக்கிறது. ஓரத்தில் ஆடுபவருக்கு ஒரு பக்கம் கோடு காவல். நடுவில் இருப்பவருக்கோ 360 பாகையிலும் ஆள். தைத்துவைத்த படமும் சீக்கிரமே பழசாகிவிடும்: வினாடிக்கு 7 மீட்டர் ஓடும் எதிராளி, ஒரு வினாடிக்கு முன்னால் பார்த்த இடத்தில் இப்போது இருக்க மாட்டான்.

நேரத்தைக் கணக்குப் போட்டால் இன்னும் விளங்கும். 15 மீட்டர் தொலைவிலிருந்து, வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் உதைத்த பந்து ஒரு வினாடியில் வந்து சேரும். கண்ணால் கண்டதற்கு உடம்பு அசையத் தொடங்கவே ஏறத்தாழ 0.2 வினாடி ஆகும். பல வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க அதற்கு மேலும் வேண்டும். 5 மீட்டர் தள்ளி நிற்கும் எதிராளி ஓட்டத்தில் இருந்தால் 0.7 வினாடியில் மேலே வந்துவிடுவான். பந்து வந்த பிறகு பார்க்கத் தொடங்குபவருக்கு முடிவெடுக்க நேரமே இல்லை. ஸாவி வேகமாக யோசித்தார் என்று சொல்வார்கள். அதைவிடச் சரியானது, அவர் முன்னதாகவே யோசித்து முடித்திருந்தார் என்பது. பந்து காலைத் தொடும்போது செய்ய வேண்டியது மட்டுமே மிச்சம் இருந்தது.

ஆனால் அரை வினாடிப் பார்வையில் இருபது பேரின் இடத்தையும் எப்படி மனத்தில் வைப்பது? இதற்கான பதில் சதுரங்கப் பலகையிலிருந்து வந்தது. 1973இல் அமெரிக்காவில் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் என்ற இருவர் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். உண்மையான ஆட்டத்தின் நடுவில் இருக்கும் பலகை ஒன்றை 5 வினாடி மட்டும் காட்டி, காய்களை மறுபடி அடுக்கச் சொன்னார்கள். தேர்ந்த ஆட்டக்காரர் புதியவரைவிட மிக அதிகமாகச் சரியாக அடுக்கினார். அடுத்து, காய்களைக் கண்டபடி இறைத்துக் காட்டினார்கள். தேர்ந்தவரின் மேன்மை ஏறக்குறைய மறைந்துபோனது! அவருடைய நினைவாற்றல் பிறரைவிடப் பெரியதல்ல. பல்லாயிரம் ஆட்டங்களில் பழகிய வடிவங்களாகப் பலகையைப் பார்க்கிறார், அவ்வளவுதான். 2024 டிசம்பரில் நம் செந்தோசாவில் சதுரங்க உலகப் பட்டம் வென்ற சென்னைப் பையன் குகேஷ் பலகையை நோக்கும்போது முப்பது காய்களைத் தனித்தனியாக எண்ணிக்கொண்டிருக்கவில்லை. ஸாவியும் அப்படித்தான். இருபது தனி ஆட்களை அல்ல, திறக்கப்போகும் ஒரு முக்கோணத்தை, மூடப்போகும் ஓர் இடைவெளியைக் கண்டார். காற்பந்தில் நடத்திய சோதனைகளிலும் இதே பாங்கு தெரிந்திருக்கிறது.

இதில் இன்னொரு சங்கிலிக் கண்ணியும் உண்டு. சுற்றிப் பார்க்க வேண்டுமானால் பந்தைப் பார்ப்பதிலிருந்து கண் விடுபட வேண்டும். அதற்குக் கால் தானாக வேலை செய்ய வேண்டும். 2014இல் ஜப்பானின் எயிச்சி நைத்தோவும் சகாவும், பிரேசிலின் நெய்மார் பாதத்தை அசைக்கும்போது அவர் மூளையை வருடிப் படமெடுத்தார்கள். மற்றத் தொழில்முறை ஆட்டக்காரர்கள், நீச்சல் வீரர்கள் ஆகியோரைவிட அவர் மூளையில் காலுக்கான பகுதி குறைவாகவே வேலை செய்தது. அதே அசைவுக்குக் குறைந்த செலவு! ஒரே ஒருவரை வைத்துச் செய்த ஆய்வு என்பதால் அதிகமாக இழுக்கக்கூடாது. ஆனாலும் பயிற்றுவிப்பாளர்கள் காலங்காலமாகச் சொல்வதோடு அது ஒத்துப்போகிறது: கால் பழகினால்தான் கண் நிமிரும்.

இப்போது செம்பவாங்கின் காற்றுக்கு வருவோம். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து ஒரு பாகைக்குச் சற்று வடக்கே இருக்கிறது. ஆண்டு சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். மத்திய திடல் ஆட்டக்காரர் ஓர் ஆட்டத்தில் 11 கிலோமீட்டர் அளவுக்கு ஓடுகிறார். அப்போது பிறக்கும் சூட்டை உடம்பு பெரும்பாலும் வியர்வையால்தான் வெளியேற்ற வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பம் போகும். ஆவியானால் மட்டுமே. ஈரம் நிறைந்த காற்று அதை வாங்கிக்கொள்ளாது. வியர்வை சொட்டித் தரையில் விழும், சூடு உள்ளேயே நிற்கும்.

இந்தச் சூழலில் எந்த ஆட்டம் எடுபடும்? 2014இல் பிரேசிலில் நடந்த உலகக் கிண்ண ஆட்டங்களை வெப்ப அளவோடு ஒப்பிட்டு ஜார்ஜ் நாசிஸ் குழுவினர் ஓர் ஆய்வு செய்தார்கள். கடும் வெப்பத்தில் அதிவேக ஓட்டமும் விரைவோட்டங்களின் எண்ணிக்கையும் குறைந்தன. ஆனால் குறிதவறாமல் போன பந்துகளின் விகிதம் கூடியது. உடம்பு ஓட மறுக்கும்போது பந்தை ஓடவிடுகிறார்கள். பந்துக்கு வியர்க்காது. ஸாவியின் பாணியை ஐரோப்பாவின் குளிர்ந்த மாலைகளுக்கு உரியது என்று நினைக்கிறோம். இயற்பியல் அதை நம் பக்கத்துக்குத்தான் தருகிறது.

அதற்குச் சான்று கோயம்புத்தூரில் கிடைத்தது. அங்கு ஆடிவந்த சென்னை சிட்டி குழு 2017-18 பருவத்தில் இந்தியாவின் ஐ-லீக்கில் 8ஆம் இடம். அடுத்த பருவத்துக்குப் பயிற்றுவிப்பாளராக வந்தவர் சிங்கப்பூரரான அக்பர் நவாஸ். தெம்பனிஸ் ரோவர்ஸுக்குப் பயிற்சி அளித்தவர். அவர் அணியின் நடுவில் ஸ்பெயினின் மத்திய திடல் ஆட்டக்காரர்கள் நெஸ்டர் கோர்டில்லோ, சாண்ட்ரோ ரோட்ரிகெஸ் இருவரும் ஆடினார்கள். உலகம் அறிந்த பெயர்கள் அல்ல. ஸ்பெயினின் கீழ்நிலை லீக்குகளில் பல ஆண்டுகள் ஆடி வந்தவர்கள். அந்த நாட்டில் பந்தை வாங்குமுன் திரும்பிப் பார்ப்பது நட்சத்திரங்களின் தனிச்சொத்து இல்லை. மூன்றாம் நிலை லீக்கில் ஆடுபவனுக்கும் அது பாலபாடம். அவர்கள் திறந்துவிட்ட வழிகளில் உருகுவேயின் பெட்ரோ மான்சி 21 கோல்கள் போட்டார். 2019 மார்ச் 9 அன்று, பருவத்தின் கடைசி நாளில், கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கில் மினர்வா பஞ்சாபிடம் முதலில் கோல் வாங்கிப் பின்தங்கிய அணி, 3-1 என்று வென்றது. 43 புள்ளிகள்; ஈஸ்ட் பெங்கால் 42. ஐ-லீக் பட்டம் வென்ற முதல் தமிழ்நாட்டுக் குழு அதுதான்.

செம்பவாங்குக்கும் சொந்தமாக ஒரு குழு இருந்தது. 1996இல் சிங்கப்பூரின் எஸ்-லீக் தொடங்கியபோது இருந்த எட்டுக் குழுக்களில் செம்பவாங் ரேஞ்சர்ஸும் ஒன்று. ஈசூன் விளையாட்டரங்கில் ஆடியது. 2003 பருவத்தோடு லீக்கிலிருந்து போய்விட்டது. குழு போனாலும் திடல்கள் போகவில்லை. புளோக்குகளுக்கு நடுவே இடம் குறுகலாக இருக்கிறது என்று பெற்றோர்கள் வருத்தப்படுவதைக் கேட்டிருக்கிறேன். வருத்தப்பட வேண்டாம் என்றுதான் சொல்வேன். பார்சலோனாவின் அன்றாடப் பயிற்சியான ரோண்டோவுக்குச் சில மீட்டர் வட்டமே போதும். சுற்றி நிற்பவர்கள் ஒரே தொடுகையில் பந்தைக் கடத்த, நடுவில் இருக்கும் இருவர் பறிக்கப் பார்க்க வேண்டும். யோஹான் கிரைஃப் 1988இல் பயிற்றுவிப்பாளராக வந்தபின் அதை அந்தக் குழுவின் உயிர்நாடியாக ஆக்கினார். இடம் குறுகக் குறுக, முன்கூட்டிப் பார்க்காமல் பிழைக்க முடியாது. நெருக்கடிதான் அங்கே ஆசிரியர்.

பார்க்கும் பழக்கத்தைக் கற்றுக்கொடுக்க முடியுமா என்பதையும் யோர்டெட் 2005இல் சோதித்தார். மூன்று உயர்மட்ட மத்திய திடல் ஆட்டக்காரர்களுக்கு, பந்து வருமுன் சுற்றிப் பார்ப்பதை மனத்தில் கற்பனை செய்து பழகும் பயிற்சி அளித்தார். மூவரில் இருவர் ஆட்டத்தில் முன்பைவிட அதிகமாகச் சுற்றிப் பார்த்தார்கள். மூன்றே பேர் என்பதால் முடிவு சிறியது. ஆனால் வளர்ந்து தொழில்முறையில் ஆடுபவர்களிடமே மாற்றம் வருமென்றால், எட்டு வயதுப் பிள்ளையிடம் நம்பிக்கை வைக்க நிறையவே காரணம் இருக்கிறது.

அதனால் திடல் ஓரத்தில் நிற்கும் அப்பாக்களுக்கும் அம்மாக்களுக்கும் ஒரு வேண்டுகோள். “ஓடு, ஓடு” என்றும் “உதை” என்றும் கத்துகிறோம். இரண்டும் பந்து வந்தபின் நடப்பவை. பந்து தொலைவில் இருக்கும்போது “பின்னால் யார் இருக்கிறார்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை பதில் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, திரும்பிப் பார்த்தால் போதும். உயரத்தையும் வேகத்தையும் பெரும்பாலும் பெற்றோரிடமிருந்துதான் வாங்க வேண்டும். ஸாவியை ஸாவியாக்கிய பழக்கத்துக்கு அந்த நிபந்தனை கிடையாது. குட்டையான பிள்ளையும் மெதுவாக ஓடும் பிள்ளையும் அதை இன்று மாலையே தொடங்கலாம்.