உறைபனிக்கு முன் ஒரு பழைய டீசல் வண்டி

மார்கழி மாதத்து அதிகாலையில் தேங்காய் எண்ணெய்ச் சீசாவைக் கவிழ்த்துப் பார்த்தால் ஒரு சொட்டும் இறங்காது. வெண்மையாய் உறைந்து நிற்கும். அடுப்பின் ஓரத்தில் சற்று நேரம் வைத்தால் இளகிவிடும். அத்துடன் நம் வீட்டில் குளிரின் தொல்லை தீர்ந்தது. ஆனால் இதே உறைதல் ஒரு வண்டியின் எரிபொருள் தொட்டியில் நிகழ்ந்து, அவ்வண்டி ஆள் நடமாட்டமற்ற சமவெளிச் சாலையில் இரவில் நின்றுவிடுமாயின், உள்ளே இருப்போரின் உயிருக்கே ஆபத்து நேரும். அமெரிக்க நாட்டின் வட டகோட்டா மாநிலத்துக் குடும்பங்கள் ஒவ்வொரு குளிர்காலத்திலும் எண்ணிப் பார்த்தாக வேண்டிய ஆபத்து இது.

கனடா நாட்டு எல்லையை ஒட்டிய மாநிலம் அது. அதன் கீழ் எல்லையில் ரெட் ரிவர் என்னும் ஆறு வடக்கு நோக்கிப் பாய்கிறது. அதன் கரையில் கிராண்ட் ஃபோர்க்ஸ் என்னும் நகரம் உள்ளது. சுற்றிலும் கோதுமையும், சர்க்கரை எடுப்பதற்கான ஒருவகைப் பீட்ரூட்டும் விளையும் தட்டையான வயல்கள். காற்றைத் தடுக்க ஒரு குன்றுகூட இல்லை. சனவரி இரவுகளில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி செல்சியசையும் தாண்டி இறங்குவதுண்டு. அங்குள்ள குடியானவருக்குப் பிக்கப் வண்டி ஆடம்பரப் பொருளன்று. முன்புறம் ஓட்டுநர் அறையும் பின்புறம் திறந்த சுமைத் தட்டும் கொண்ட அவ்வண்டியே அவருக்கு நம்மூர் மாட்டுவண்டியைப் போன்றது. புதியது வாங்க வசதியற்றவர்கள் பழையதைப் பேணி ஓட்டுகிறார்கள். 1988 முதல் 1994 வரை ஃபோர்டு நிறுவனம் தன் எஃப்-250 வண்டிகளில், நேவிஸ்டார் தயாரித்த 7.3 லிட்டர் டீசல் எஞ்சினைப் பொருத்தி விற்றது. எட்டு சிலிண்டர்களைக் கொண்ட அந்த எஞ்சினையே இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

குளிர் ஏன் டீசல் எஞ்சினை மட்டும் இவ்வளவு வாட்டுகிறது என்னும் வினா எழலாம். பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி எழுப்ப ஒரு பிளக் உண்டு. டீசலுக்கு அது கிடையாது. காற்றை இறுக்கினால் சூடேறும். அந்தச் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்ள வேண்டும். மேற்சொன்ன எஞ்சின் காற்றைச் சுமார் இருபத்தொன்றில் ஒரு பங்காக இறுக்குகிறது. ஆயினும் இரும்பு முழுவதும் குளிர்ந்து கிடக்கையில், பிறந்த சூட்டை அந்த இரும்பே உறிஞ்சிக்கொள்ளும். ஆயில் கெட்டியாகிச் சுழற்சி மெதுவாகும். மெதுவாகச் சுழன்றால் சூடு இன்னும் குறையும். பேட்டரியின் வலுவும் அதே வேளையில் குன்றும். ஆகவே வண்டியைக் குளிருக்கு ஆயத்தப்படுத்துவது என்பது, அந்தச் சிறிதளவு சூட்டை எப்பாடுபட்டேனும் காப்பாற்றித் தருவதேயாகும். இதற்கான வேலைகளை அக்டோபர் மாதத்திலேயே முடித்துவிட வேண்டும். கையுறையைக் கழற்ற முடியாத குளிரில் எவரும் திருகாணி முடுக்க இயலாது.

முதலில் எரிபொருள். டீசலில் மெழுகுத் தன்மையுள்ள பொருள் கலந்திருக்கிறது. அந்நாட்டில் இரண்டாம் எண் டீசல் என வழங்கும் சாதாரண வகை, உறைநிலையை ஒட்டியோ அதற்குச் சில டிகிரி கீழேயோ கலங்கத் தொடங்கும். மெழுகுத் துகள்கள் வடிகட்டியை அடைத்துக்கொள்ள, எஞ்சின் பட்டினி கிடந்து நின்றுவிடும். முதலாம் எண் டீசல் மண்ணெண்ணெய் போன்றது. கடுங்குளிரிலும் எளிதில் உறையாது. ஆனால் அதில் ஆற்றல் குறைவு, வழவழப்பும் குறைவு. ஆகையால் இரண்டையும் கலந்து விற்கிறார்கள். எஃப்-250 வண்டிகள் பலவற்றில் இரண்டு தொட்டிகள் உண்டு. ஒரு பொத்தானை அழுத்தி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆபத்து இங்கேதான் ஒளிந்திருக்கிறது. ஆகஸ்டு மாதம் நிரப்பிய கோடைகால டீசல் பின்தொட்டியில் மறக்கப்பட்டுக் கிடக்கும். சனவரியில் முன்தொட்டி காலியானதும் நடுவழியில் பொத்தானை அழுத்தினால், சில நிமிடங்களில் வண்டி நின்றுவிடக்கூடும். ஆதலால் குளிர் வருமுன் இரு தொட்டிகளிலும் உள்ள பழைய டீசலை ஓட்டித் தீர்த்துவிட வேண்டும். உறைவைத் தடுக்கும் மருந்துக் குப்பிகள் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை உறையுமுன் ஊற்றினால் மட்டுமே பயன் தருபவை. டீசலில் பெட்ரோலைக் கலக்கும் பழைய வழக்கம் தீ விபத்துக்கு வழிகோலும். அதை அறவே விட்டுவிட வேண்டும்.

வடிகட்டியைப் புதிதாக மாற்றி, அதனடியில் தங்கும் நீரையும் வடித்துவிட வேண்டும். அந்த நீர் உறைந்தாலும் பாதை அடைபடும். மாற்று வடிகட்டி ஒன்று இருக்கைக்கு அடியில் எப்போதும் இருக்கட்டும். இந்த எஞ்சினுக்கே உரிய வியாதி ஒன்றும் உண்டு. எஞ்சிய எரிபொருளைத் தொட்டிக்குத் திருப்பும் மெல்லிய குழாய்களின் ரப்பர் வளையங்கள் வயதானால் இறுகிப்போகும். அவற்றின் வழியே காற்று புகுந்து, இரவில் டீசல் பின்வாங்கிவிடும். காலையில் வண்டி கிளம்ப மறுத்தால் பலர் பேட்டரியைத்தான் சபிக்கிறார்கள்; குற்றவாளி அந்தச் சிறு வளையமாகவும் இருக்கலாம்.

அடுத்து, ஹீட்டர் பிளக்குகள். சிலிண்டருக்கு ஒன்றாக எட்டு. சாவியைத் திருப்பியதும் சில நொடிகளில் இவை பழுத்து, எரிபொருள் பற்றும் அறையைச் சூடாக்கித் தருகின்றன. இரண்டு மூன்று கெட்டுவிட்டாலும் கோடையில் தெரியாது, பனியில்தான் தெரியும். ஒவ்வொன்றின் கம்பியையும் கழற்றி, பேட்டரியின் நேர்முனையில் மாட்டிய சோதனை விளக்கின் முனையைப் பிளக்கின் தலையில் தொட்டுப் பார்க்கலாம். விளக்கு எரியாவிடில் அந்தப் பிளக் செத்துவிட்டது. இதில் மட்டும் மலிவைத் தேடலாகாது. தரங்குறைந்த பிளக்கின் நுனி சூட்டில் வீங்கி, கழற்ற முயல்கையில் உள்ளேயே முறிந்து விழும். மிச்சம் பிடித்த காசைப்போல் பன்மடங்கு மெக்கானிக்குக்குப் போய்ச் சேரும்.

இவ்வண்டிக்கு 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டு, இணையாக இணைக்கப்பட்டவை. ஒன்று நலிந்தால் நல்லதையும் அது இழுத்துக் கெடுக்கும். எனவே இரண்டையும் சேர்த்தே மாற்றுவது சிக்கனம். முழு மின்னேற்றமுள்ள பேட்டரி எத்தகைய குளிரிலும் அநேகமாக உறையாது. தீர்ந்துபோனதோ பூஜ்யத்துக்குச் சில டிகிரி கீழேயே உறைந்து வெடித்துவிடும். முனைகளில் பூத்த வெண்பச்சைப் பூச்சைச் சமையல் சோடா கரைத்த நீரால் கழுவித் துடைக்க வேண்டும். ஆயிலைப் பொறுத்தவரை, 15டபிள்யூ-40 வகைக்குப் பதிலாக 5டபிள்யூ-40 போதும். அந்த ‘டபிள்யூ’ குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்தே.

ரேடியேட்டருக்குள் ஊற்றும் கிளைக்கால் திரவத்தைப் பற்றி ஒரு விந்தை. தண்ணீர் கலவாத தூய எத்திலீன் கிளைக்கால், பூஜ்யத்துக்குக் கீழே 13 டிகிரியிலேயே உறையும். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தாலோ 37 டிகிரி வரை தாங்கும்! அதிகம் ஊற்றினால் அதிகப் பாதுகாப்பு என்று எண்ணுவோர் இங்கே ஏமாறுகிறார்கள். மேலும் இந்த எஞ்சினின் சிலிண்டர்ச் சுவர்கள் ஒவ்வோர் எரிப்பிலும் அதிர்வதால், வெளிப்புறத் திரவத்தில் நுண்ணிய குமிழ்கள் தோன்றி உடைந்து இரும்பையே அரித்துத் துளைத்துவிடும். அதைத் தடுக்கும் இரசாயனம் தனியே கிடைக்கிறது. சோதனைத் தாளைத் தோய்த்து, அளவறிந்து சேர்க்க வேண்டும்.

இவற்றையெல்லாம் செய்தாலும், எஞ்சினை வெளியிலிருந்து சூடாக்காமல் அந்தக் குளிரை வெல்ல இயலாது. முற்காலத்துக் குடியானவர்கள் மாலையில் எஞ்சின் ஆயிலை வடித்து, இரவெல்லாம் அடுப்பருகே வைத்திருந்து, காலையில் திரும்ப ஊற்றினார்கள். இத்தொல்லைக்கு முடிவு கட்டியவர் கிராண்ட் ஃபோர்க்ஸில் மின்வாரியக் கூட்டுறவு ஒன்றின் மேலாளராயிருந்த ஆண்ட்ரூ ஃப்ரீமன். எஞ்சின் தலையை இறுக்கும் ஆணி ஒன்றின் இடத்தில் மின்சூடேற்றியைப் பொருத்தும் அவரது கருவிக்கு 1949-ல் காப்புரிமை கிடைத்தது. இன்றைய ஹீட்டர் நீரறையில் அமர்ந்து குளிர்திரவத்தைச் சூடாக்குகிறது. இவ்வண்டியில் அது சுமார் 1000 வாட். அதாவது மணிக்கு ஒரு யூனிட் மின்சாரம். இரவு முழுவதும் எரிய விடுவது வீண். நேரம் காட்டும் சுவிட்சைப் பொருத்தி, கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரத்துக்கு முன் இயங்கச் செய்தால் போதும். வேலை செய்கிறதா என்று அறிய, மின்சாரம் கொடுத்தபின் காது கொடுத்துக் கேளுங்கள். வெந்நீர்ப் பாத்திரம் கொதிக்கத் தொடங்குவது போன்ற மெல்லிய ஓசை வரும்.

கிளம்பாத வண்டிக்கு ஈதர் தெளிப்பானை அடிக்கும் பழக்கம் ஒன்று உண்டு. ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினில் இது வெடிக்கும். பிஸ்டன் உடையும், முகமும் கருகும். மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிடுவதும் அத்தகையதே. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமோ மணமோ இன்றிக் கொல்லும்.

பயணத்துக்கு மண்வெட்டி, கம்பளிகள், டார்ச் விளக்கு, பின்தட்டில் சில மணல் மூட்டைகள். காலியாய் இருக்கும் பின்சக்கரங்கள் பனியில் வழுக்கும் என்பதால் மணல். சிக்கிக்கொண்டால் அதையே சக்கரத்தடியில் தூவிக்கொள்ளலாம். பனிப்புயலில் வண்டி நின்றுவிட்டால் இறங்கி நடக்கலாகாது. புகைக்குழாயின் வாயை மூடிய பனியை அகற்றி, சன்னலைச் சிறிது திறந்து வைத்து, மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் எஞ்சினை இயக்கி உள்ளேயே காத்திருக்க வேண்டும்.

அக்டோபருக்குப் பின் அந்நகருக்குச் செல்கிறவர், நிறுத்தியிருக்கும் வண்டிகளின் முகப்பில் நாக்கைப் போல் ஒரு மின்கம்பி வெளியே தொங்குவதைக் காண்பார். ஹீட்டரின் கம்பி அது. அவசரத்தில் அதைச் சுவரிலிருந்து பிடுங்க மறந்து வண்டியைக் கிளப்பியவர்களும் உண்டு. ஆகவே கம்பியின் மறுமுனையை வண்டியின் கதவுக் கைப்பிடியில் ஒரு சுற்றுச் சுற்றியபின் சுவரில் செருகுகிறவர், ஏறுமுன் அதை அவிழ்த்தே ஆகவேண்டும்.