சட்டைப் பையில் ஒரு கத்தி



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்போங் மேடானில் ஒரு தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்திருந்தோம். தோட்டத்தை விட்டு வெளியேறி அங்கே குடியிருக்கும் பழைய பால்வெட்டுத் தொழிலாளர்கள் நாலைந்து பேர் கூடியிருந்தார்கள். பேச்சு சம்பளம், சொக்சோ, பேரப்பிள்ளைகள் என்று சுற்றிக் கொண்டிருந்தது. அப்போது எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் சட்டைப் பையிலிருந்து ஒரு மடக்குக் கத்தியை எடுத்து, கொண்டு வந்திருந்த கொய்யாவை எல்லாருக்கும் நறுக்கிக் கொடுத்தார். மரப் பிடி வழுவழுவென்று தேய்ந்திருந்தது. தீட்டித் தீட்டி இரும்பும் பாதியாகி விட்டது.

"என்னங்க ஐயா, இன்னும் இதை வெச்சிருக்கீங்களே?" என்று கேட்டோம்.

"தோட்டத்துல வேல பாத்தப்ப முதல் போனஸ்ல கிள்ளான் பட்டணத்துல வாங்குனது தம்பி. பொண்டாட்டி திட்டுனா. அவ போயிட்டா, கத்தி இருக்கு" என்றார்.

எல்லாரும் சிரித்தோம். ஆனால் பக்கத்து மேசையில் இருந்த ஒரு தாய் சிரிக்கவில்லை. "எங்க வீட்டுலயும் ஒரு கத்தி இருந்துச்சு. அதனாலதான் நாங்க இப்ப கோர்ட்டுக்கு நடக்குறோம்" என்று சொன்னார். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறோம். முதலில் பெரியவரின் கத்தியைப் பார்ப்போம். தினமும் பையில் வைத்துக் கொள்ள நல்ல கத்தி எது என்று நம் தோழர்கள் பலர் கேட்பதுண்டு.

கத்தி நமக்குப் புதிதல்ல

கத்தியால் சோறு தின்ற சமுதாயம் நம்முடையது. 1890-களில் சிங்கப்பூர் தாவரத் தோட்டத்தில் ரிட்லி துரை பால்மரத்தை வெட்டும் முறையைக் கண்டுபிடித்தார். அதற்கு முன்பு பிரேசிலில் கோடாலியால் கொத்திப் பால் எடுத்தார்கள். மரம் காயப்பட்டுச் செத்தது. ஒரே வெட்டுக் கோட்டில் மெல்லிய பட்டையைத் திரும்பத் திரும்பச் சீவினால் மரமும் பிழைக்கும், பாலும் வரும் என்று ரிட்லி காட்டினார். அந்த மெல்லிய சீவலை விடியற்காலை இருட்டில், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, லட்சக்கணக்கான மரங்களில் செய்தவர்கள் நம் பாட்டன் பாட்டிமார்.

ஜெபோங் கத்தியைப் பிடித்தவருக்குக் கத்தியின் அருமை தெரியும். பட்டைக்குள்ளே உயிர்த்தோலுக்கு ஒரு மில்லிமீட்டர் வெளியே வெட்டு நிற்க வேண்டும். அதைத் தாண்டினால் மரத்தில் காயம், மண்டோரிடம் ஏச்சு. மழுங்கிய கத்திதான் ஆழமாக இறங்கும், ஏனென்றால் கை அதிகமாக அழுத்தும். இந்தப் பாடம் பைக்கத்திக்கும் பொருந்தும். கூர் இல்லாத கத்திதான் வழுக்கி விரலை வெட்டுகிறது.

நல்ல மடக்குக் கத்தியின் அடையாளம்

கடையில் பளபளப்பைப் பார்த்து மயங்க வேண்டாம். கீழ்க்கண்டவற்றைப் பாருங்கள்.

முதலாவது, அளவு. மடக்கினால் உள்ளங்கைக்குள் அடங்க வேண்டும். மூன்று அங்குல இரும்பு போதும். மாம்பழம் சீவ, கயிறு அறுக்க, உர மூட்டையின் வாயைப் பிரிக்க, பிள்ளைக்குப் பென்சில் சீவ அதற்கு மேல் எதற்கு?

இரண்டாவது, ஆட்டம். கத்தியைத் திறந்து நுனியைப் பிடித்து இடது வலமாக மெல்ல அசைத்துப் பாருங்கள். ஆணி இருக்கும் இடத்தில் ஆடினால் வாங்காதீர்கள். புதிதில் ஆடுவது பழசானால் கழன்று விடும்.

மூன்றாவது, பூட்டு. சாதாரணப் பேனாக்கத்தியில் முதுகு வில்லின் இறுக்கம் மட்டும்தான் இரும்பைப் பிடித்திருக்கும். குத்தினாலும் நெம்பினாலும் அது மடங்கி விரலில் விழும். கனமான வேலை இருந்தால், திறந்தபின் பூட்டிக் கொள்ளும் கத்தியாக வாங்குங்கள். பிரான்சு நாட்டில் சவோய் மலைப் பகுதியில் ஜோசப் ஒப்பினெல் என்பவர் 1890-ல் மரப்பிடி போட்ட ஒரு கத்தி செய்தார். விவசாயிகளுக்கும் தொழிலாளிகளுக்கும் ஆன கத்தி அது. கழுத்தில் ஒரு வளையத்தைத் திருகினால் இரும்பு மடங்காமல் நிற்கும்படி 1955-ல் ஏற்பாடு செய்தார்கள். இன்றைக்கும் அதே வளையம்தான். எளிமையான பொருள் நீண்ட நாள் நிற்கும் என்பதற்கு இது சாட்சி.

நான்காவது, இரும்பு. கரி எஃகு சீக்கிரம் கூராகும், கூர் நிற்கும். ஆனால் நம் ஊர் ஈரத்துக்கு ஒரே இரவில் துரு ஏறும். துருப்பிடிக்காத எஃகில் குரோமியம் குறைந்தது பத்தரை விழுக்காடு கலந்திருக்கும். பராமரிப்புக் குறைவு, தீட்டக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும். தினமும் துடைத்து எண்ணெய் போடும் பழக்கம் உள்ளவருக்குக் கரி எஃகு. இல்லாதவருக்குத் துருப்பிடிக்காததே நல்லது. வாழைக்கறை, எலுமிச்சைச் சாறு, வியர்வை மூன்றும் கரி எஃகின் எதிரிகள்.

ஐந்தாவது, பிடி. ஈரக் கையில் வழுக்கக் கூடாது. மரமோ கொம்போ கையோடு ஒட்டி நிற்கும். சித்திர வேலைப்பாடும் மண்டை ஓட்டுப் படமும் போட்ட பிடி கண்ணுக்குத்தான், கைக்கு அல்ல.

தீட்டுவது எப்படி என்று பால்வெட்டுத் தோழர்களுக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. பட்டணத்துப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறோம்: கல்லை நனைத்து, கத்தியைப் படுக்க வைத்தாற்போல் சுமார் இருபது பாகை தூக்கி, இரண்டு பக்கமும் சம எண்ணிக்கையில் இழுங்கள். அவசரப்பட்டு மின்சாரச் சாணையில் பிடித்தால் இரும்பு சூடாகி அதன் உறுதி போய்விடும். முடிந்ததும் துடைத்து, ஆணியில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். கத்தியைத் திருப்புளியாகவும் கடப்பாரையாகவும் பயன்படுத்தாதீர்கள்.

வெட்டுப்பட்டால் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவிக் கட்டுங்கள். ஆழமாக இருந்தால் கிளினிக்குக்குப் போய் இசிவு நோய்த் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். இசிவு நோய்க் கிருமி மண்ணில் இருக்கிறது. வேலை நேரத்தில் வெட்டுப்பட்டால் "சின்னக் காயம்தானே" என்று மறைக்க வேண்டாம். அன்றைக்கே மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். சொல்லாமல் விட்ட காயத்துக்குப் பின்னால் நஷ்டஈடு கேட்டு நடப்பது எவ்வளவு பாடு என்பது நமக்குத் தெரியும்.

ஒரு கத்திக் கம்பெனியின் கதை

சுவிட்சர்லாந்தின் சிவப்புக் கத்தியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். கார்ல் எல்செனர் என்ற கொல்லர் 1884-ல் இபாக் என்ற ஊரில் பட்டறை வைத்தார். ஏழை நாடாக இருந்த சுவிட்சர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி ஜனங்கள் கப்பலேறிய காலம் அது. நம் முன்னோர்கள் நாகப்பட்டினத்தில் கப்பலேறியதும் அந்தக் காலத்தில்தான். உள்ளூரிலேயே வேலை உண்டாக்க வேண்டும் என்று எண்ணிய எல்செனர் 1891-ல் சுவிஸ் ராணுவத்துக்குக் கத்தி செய்து கொடுத்தார். அதில் தகர டின் திறக்கும் கருவியும் துப்பாக்கியைக் கழற்றும் திருப்புளியும் இருந்தன.

2001 செப்டம்பரில் அமெரிக்காவில் விமானத் தாக்குதல் நடந்தது. அதன் பிறகு விமானத்தில் கைப்பையில் கத்தி கொண்டுபோகத் தடை வந்தது. விமான நிலையக் கடைகளில் விற்பனை படுத்து விட்டது. அந்தக் கம்பெனி என்ன செய்தது? ஒரு தொழிலாளியையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. மிகை நேரத்தைக் குறைத்தது. சிலரைப் பக்கத்துக் கம்பெனிகளுக்கு இரவலாக அனுப்பி வேலையைக் காப்பாற்றியது. "நஷ்டம், ஆள்குறைப்பு" என்று மறுநாளே நோட்டீஸ் ஒட்டும் முதலாளிகள் இதைக் கொஞ்சம் படிக்க வேண்டும்.

(தமிழ்நாட்டுக்குப் போகும் தோழர்கள் கவனிக்க: கத்தியைக் கைப்பையில் வைக்காதீர்கள். பெட்டியில் போட்டு அனுப்புங்கள்.)

அந்தத் தாயின் கதை

இனி அந்தத் தாயின் கதை. அவருடைய மகன் லாரி உதவியாள். வயது இருபத்திரண்டு. இரவுச் சந்தையில் ஒரு கத்தி வாங்கினான். பொத்தானைத் தட்டினால் இரும்பு பாயும் வில்லுக்கத்தி. மோட்டார் சைக்கிள் இருக்கையின் கீழே போட்டு வைத்திருந்தான். ஒரு ராத்திரி சாலைத் தடுப்பில் போலீஸ் பிடித்தது. "எதற்கு வைத்திருக்கிறாய்?" என்று கேட்டார்கள். பையன் சொன்ன பதில் ஒரே சொல்: "சும்மா."

அந்தச் 'சும்மா'தான் அவனைக் கெடுத்தது. நான்கு இரவு லாக்காப். பிறகு வழக்கு. வேலை போய் விட்டது. வழக்கைப் பற்றி மேலே எழுத வேண்டாம் என்று அந்தத் தாய் கேட்டுக் கொண்டார். அதனால் நிறுத்துகிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது? 1958-ஆம் ஆண்டு அரிக்கும் பொருள், வெடிபொருள், அபாய ஆயுதச் சட்டத்தின் ஆறாவது பிரிவு இது: சாலையிலோ பொது இடத்திலோ சட்டபூர்வமான காரணம் இல்லாமல் அபாய ஆயுதம் வைத்திருந்தால் ஐந்து ஆண்டுக்குக் குறையாமல், பத்து ஆண்டு வரை சிறை. பிரம்படியும் உண்டு. காயம் உண்டாக்கக் கூடிய எந்தக் கருவியும் இதில் வரலாம். "சின்னக் கத்தி, ஒண்ணும் ஆகாது" என்று சந்தைக்காரன் சொல்வதை நம்பாதீர்கள். நீளத்தை விடக் காரணம்தான் முக்கியம்.

விடியற்காலை தீம்பாருக்குப் போகிறவர் பையில் ஜெபோங் கத்தி இருந்தால் காரணம் தெளிவு. மங்கும் தீட்டுக் கல்லும் அதே பையில் இருக்கும். சனிக்கிழமை ராத்திரி பதினொரு மணிக்கு இடுப்பில் கத்தி இருந்தால் என்ன காரணம் சொல்வீர்கள்? ஆகவே வேலைக் கத்தி வேலைப் பையில், உறை போட்டு இருக்கட்டும். வேலை முடிந்தால் வீட்டில் வையுங்கள். கல்யாணம், கோயில் திருவிழா, பந்து விளையாட்டு, கள்ளுக்கடை எதற்கும் கத்தி வேண்டாம். வில்லுக்கத்தியை வாங்கவே வாங்காதீர்கள். பழம் நறுக்க அது வேண்டும் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

பிடிபட்டால் சண்டை போடாதீர்கள். வீட்டாருக்குத் தகவல் சொல்லவும் வழக்கறிஞரைக் கலந்து பேசவும் உங்களுக்கு உரிமை உண்டு. குடியுரிமை உள்ளவர்களுக்கு இலவசமாக உதவ தேசிய சட்ட உதவி அறவாரியம் இருக்கிறது. வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

பயத்துக்கு மருந்து கத்தி அல்ல

கம்போங் மேடானில் இதைப் பேசும்போது 2001 மார்ச் மாதத்தை மறக்க முடியாது. சின்ன விஷயத்தில் தொடங்கிய தகராறு இந்தியர், மலாய்க்காரர் மோதலாகி ஆறு பேர் உயிரிழந்தார்கள். பல பத்துப் பேர் காயப்பட்டார்கள். தோட்டத்தை விட்டு வந்து புறம்போக்கு வீடுகளில் நெருக்கி அடித்து வாழ்ந்த ஜனங்கள், இரண்டு பக்கமும் ஏழைகள். பெட்டாலிங் ஜெயாவே ஒரு காலத்தில் எஃபிங்ஹாம் ரப்பர் தோட்டம்தான். தோட்டம் பட்டணமாயிற்று. தொழிலாளி பட்டணத்தின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டான்.

அதற்குப் பிறகு எத்தனையோ பையன்கள் "பாதுகாப்புக்கு" என்று கத்தி வைத்துக் கொள்ளத் தொடங்கினார்கள். தேத்தண்ணிக் கடைப் பெரியவரிடம் இதைக் கேட்டோம்.

"அந்த மார்ச்சு மாசம் இந்தக் கத்தி எங்க ஐயா இருந்துச்சு?"

"பீரோவுக்குள்ள பூட்டிட்டேன் தம்பி. கையில இருந்தா கை சும்மா இருக்குமா? பக்கத்து வீட்டுப் பக் சிக்கும் நானும் ராத்திரி பூரா வாசல்ல உக்காந்திருந்தோம். அவர் கையில சிகரெட்டு, என் கையில வெத்தல. எங்க வரிசையில ஒரு கண்ணாடி உடையல."

தோழர்களே, பெற்றோர்களே, இன்று ராத்திரி பிள்ளைகளின் மோட்டார் சைக்கிள் இருக்கையைத் தூக்கிப் பாருங்கள். அதட்ட வேண்டாம். "இது எதுக்கு ஐயா?" என்று கேளுங்கள். நல்ல காரணம் சொன்னால் தீட்டிக் கொடுங்கள். "சும்மா" என்று சொன்னால் வாங்கிப் பூட்டி வையுங்கள். அந்தத் தாய் கேட்காமல் விட்ட கேள்வி அதுதான். அதை எழுதச் சொன்னவரும் அவரே.