தடுப்பு மிதி உணர்த்தும் உண்மை

பழைய மோட்டார் வண்டிகளைப் பேணுவோர் பலர், "பிரேக் சரியில்லை" எனப் பொதுப்படக் கூறுவர். இக்கூற்றினுள் இருவேறு குறைகள் அடங்கும். மிதி கல்லென இறுகுதல் ஒன்று. பஞ்செனத் தாழ்தல் மற்றொன்று. இறுகிய மிதியே அச்சம் தருவது. ஆயினும் இளகிய மிதியே பெரும்பாலும் இடர் மிக்கது. அதன் காரணத்தை ஈண்டு ஆராய்வாம்.

துணைவிசைப் பிரேக்கில் இரு பகுதிகள் உள. முதலாவது வெற்றிடப் பெட்டி. பெற்றோல் எஞ்சின் வளியை உறிஞ்சுங்கால் உண்டாகும் வெற்றிடம், ஒருவழி வால்வினூடாக இப்பெட்டியை அடைகின்றது. மிதியை அழுத்தியதும் மென்றகட்டின் ஒரு புறத்தே வெளிவளி புகுந்து அதனைத் தள்ளும். மென்றகட்டின் விட்டம் 8 அங்குலமாயின், பரப்பு ஏறக்குறைய 50 சதுர அங்குலமாகும். வெற்றிடம் 18 அங்குல இரசமாயின், சதுர அங்குலமொன்றிற்கு 9 இறாத்தலுக்குச் சற்றுக் குறைந்த அமுக்கம் கிடைக்கும். எனவே காலுக்குத் துணையாகும் விசை ஏறத்தாழ 440 இறாத்தலாம். இரண்டாவது பகுதி, திரவம் நிறைந்த முதன்மை உருளையும் குழாய்களுமாம். அடைபட்ட திரவத்தில் அமுக்கம் எங்கும் ஒப்பப் பரவும் என்னும் பாஸ்கலின் விதியே இதற்கு அடிப்படை.

மிதி இறுகினால் முதலில் வெற்றிடத்தைச் சோதித்தல் வேண்டும். எஞ்சினை நிறுத்தி, மிதியைப் பலமுறை அழுத்திச் சேமிப்பைத் தீர்த்தபின், காலை அழுத்தியபடியே எஞ்சினை இயக்குக. மிதி சிறிது கீழிறங்கின் துணைவிசை உண்டு. இறங்காவிடின் இறப்பர்க் குழாயில் வெடிப்பு, பழுதான வால்வு, கிழிந்த மென்றகடு ஆகியவற்றை ஒவ்வொன்றாக ஆராய்க. அழுத்தி நிற்கையில் ஓயாது சீறும் ஒலி வளிக்கசிவைக் காட்டும். எனினும், திரவப்பகுதி செம்மையாயிருப்பின், காலின் முழுவலிமையால் வண்டியை நிறுத்தல் இயலும்.

இளகிய மிதியின் நிலை வேறு. வளி நெருங்கும், திரவமோ எளிதில் நெருங்காது. ஆதலின் குழாயினுள் வளி புகுந்தால் காலின் விசை அதனை நெருக்குவதிலேயே வீணாகும். சீராக அழுத்தி நிற்க மிதி மெல்லத் தாழ்ந்து, வெளியே கசிவும் காணப்படாவிடின், முதன்மை உருளையின் உள்வளையம் தேய்ந்திருத்தல் கூடும். பழந்திரவம் ஈரத்தை ஏற்பதால், அதன் கொதிநிலை தாழ்ந்து, நீண்ட இறக்கங்களில் ஆவி தோன்றவும் இடமுண்டு. இந்நிலையில் வெற்றிடப் பெட்டியை மாற்றுவதாற் பயனில்லை. குறை நீங்குமட்டும் வண்டியைச் செலுத்தலும் ஆகாது.

நோயின் முதலை நாடுமாறு வள்ளுவர் மருத்துவனுக்கு வகுத்த முறை இயந்திரத்திற்கும் பொருந்தும். உறுப்பை மாற்றுமுன் மிதி உணர்த்துவதை அறிதலே அறிவுடைமை.