தேன் பெட்டிகளுக்குச் சர்க்கரைப் பாகு வைப்பதை நிறுத்த வேண்டிய காலம்

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டங்களில் மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்திலுள்ள மா, தென்னந் தோப்புகளில் அடுக்குத் தேனீயைப் பெட்டிகளில் வைத்து வளர்த்தல் இலாபகரமான உபதொழிலாகும். இத்தொழிலில் நஷ்டமடைகிறவர்களுள் சிலர் வேண்டிய காலத்தில் பாகு வையாதவர்கள். மற்றுஞ் சிலர் வேண்டாத காலத்திலும் வைத்துக்கொண்டிருப்பவர்கள். இவ்விரண்டாவது தவற்றைப் பலர் தவறென்றே கருதுவதில்லை.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை பெய்யுங்கால் தேனீக்கள் வெளியிற் செல்ல இயலாது; மலர்களின் மதுவும் மழையாற் கரைந்துபோம். தென்னம்பாளை மகரந்தம் தருமேயன்றி அது மட்டும் குடும்பத்தைக் காப்பாற்றப் போதாது. பசியால் வாடும் அடுக்குத் தேனீக் குடும்பம் பெட்டியை விட்டு ஓடிப்போகும். பலங் குன்றிய குடும்பத்தை மெழுகுப்பூச்சி எளிதில் பற்றும்.

ஆகையால் அக்காலத்தில் பெட்டியொன்றுக்கு வாரம் ஒருமுறை 200 கிராம் வெள்ளைச் சர்க்கரையை அதே அளவு வெந்நீரிற் கரைத்து, ஆறியபின் பெட்டிக்குள் வைத்தல் வேண்டும். வெல்லம் உதவாது, அதனால் தேனீக்களுக்குக் கழிச்சல் உண்டாகும். பாகை அந்தி வேளையில், தோப்பிலுள்ள எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரே நாளில் வைக்க வேண்டும். இல்லாவிடில் ஒரு பெட்டியின் தேனீக்கள் மற்றொன்றைக் கொள்ளையிடும். பாகு வெளியிற் சிந்தலாகாது. தாங்கியின் கால்களை நீர்க் கிண்ணிகளில் நிறுத்தினால் எறும்பு ஏறாது.

இனி, நிறுத்த வேண்டிய காலம் எது? மார்கழி, தை மாதங்களில் மா பூக்கத் தொடங்கும். பின்னர் வேம்பும் புங்கும், அவற்றின்பின் புளியும் பூக்கும். ஆயினும் பஞ்சாங்கத்தை மாத்திரம் நம்புதல் தகாது. மழை முன்பின்னாக நிற்பதுபோலப் பூப்பும் ஆண்டுதோறும் மாறும். பெட்டியைத் திறந்து கீழ்க்கண்ட அடையாளங்களைக் கண்டறிய வேண்டும்.

1. காலையில் தேனீக்கள் பின்னங்கால்களில் மகரந்த உருண்டைகளுடன் ஓயாது வந்து சேரும்.
2. அடைகளின் மேல் விளிம்பில் வெண்மையான புது மெழுகு காணப்படும்.
3. அடையைச் சாய்த்துப் பிடித்தால் புதிய மது பளபளப்புடன் துளித்துச் சிந்தும்.
4. புழுக்களுக்கு மேலே அடையில் தேன் வளையம் போதிய அகலத்தில் இருக்கும்.

இவை காணப்பட்டவுடன் பாகுக் கிண்ணத்தை எடுத்துவிட வேண்டும். எடுத்தால் தேனீக்கள் ஓடிப்போகுமென்று அஞ்சுவது வீண். மலர்களில் உணவு கிடைக்கையில் அவை போவதற்குக் காரணமில்லை. எடாவிடில் அவை பாகை அடைகளிற் சேமித்து வைக்கும். அதனால் ராணி முட்டையிடும் இடம் குறுகும். அதைவிடப் பெரிய கேடு, அச்சர்க்கரை தேனோடு கலப்பதாகும். கரும்புச் சர்க்கரை கலந்திருப்பதை இக்காலத்து ஆய்வுக் கூடங்கள் கரியணுக்களின் வகையைக் கொண்டே கண்டுவிடும். வஞ்சக எண்ணமின்றி நேர்ந்தாலும் அது கலப்படத் தேனாகவே கொள்ளப்படும். வாங்குவோர் நம்பிக்கை ஒருமுறை போனால் எளிதில் திரும்பாது.

பாகை நிறுத்தியவுடனே தேன் அறையை ஏற்றலாகாது. அடைகாப்பு அறையில் எஞ்சிய பாகைப் புழுக்களுக்கு ஊட்டித் தீர்க்கச் சுமார் இரண்டு வாரம் அவகாசம் கொடுத்தல் நலம். அடைகாப்பு அறையிலிருந்து ஒருபோதும் தேன் எடுக்கலாகாது. நிறுத்தியபின் மீண்டும் அடைமழை பிடித்தால் அடைகளைப் பார்த்து, தேன் வளையம் வற்றியிருந்தால் மட்டுமே மறுபடி பாகு வைக்கலாம்; அப்போது தேன் அறையை முதலில் இறக்கிவிட வேண்டும்.

மா பூத்திருக்கையில் அண்டைத் தோப்பினர் பூச்சிமருந்து தெளித்தால் இவ்வளவு பாடும் வீணாகும். பூக்காலத்தில் தெளிப்பைத் தவிர்க்கும்படியும், தவிர்க்க இயலாவிடில் முன்னதாக அறிவித்து அந்தியில் தெளிக்கும்படியும் கிராம அலுவலர்கள் எடுத்துரைப்பார்களாயின், தேன் வளர்ப்போர்க்கு மட்டுமன்றித் தோப்புடையார் அனைவர்க்கும் நன்மையாம்.