கொசு தேடும் பேற்றிடம்

மட்டாஞ்சேரியில் குடியேறிய நம்மவர் கொசுவைப் பழிக்காத மாலைப்பொழுது இல்லை. யானைக்காலைக் 'கொச்சிக்கால்' என்றே அயல்நாட்டார் வழங்கும் அளவுக்கு இவ்வூர் ஒருகாலத்தில் அந்நோய்க்குப் பேர்போனது. அதன் நுண்புழு கொசுவின் உடலில் வளர்வதை 1877-இல் சீனத்து அமோய் நகரில் கண்டவர் பாட்ரிக் மான்சன்.

தாய்க்கொசு கண்ட இடத்தில் முட்டையிடுவதில்லை. கியூலெக்ஸ் இனம் அழுகல் நாற்றத்தை நாடிச் சாக்கடைக்கு வரும். நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளை ஒன்றோடொன்று ஒட்டித் தெப்பமாக மிதக்கவிடும். மான்சோனியாவுக்கு வேண்டியது ஆகாயத்தாமரை. இலையின் அடியில் முட்டையிடும். புழுவோ வேரைத் துளைத்து அதிலுள்ள காற்றைச் சுவாசிக்கும். சேர்த்தலைப் பக்கத்துக் குளங்களில் அச்செடியை அகற்றியது இதனாலேயே.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் நம் வீட்டு விருந்தாளி. தெளிந்த நீர் உள்ள கலத்தைத் தேர்ந்து, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஈரச் சுவரில் முட்டைகளை ஒட்டிவைக்கும். அவை காய்ந்தும் பல மாதம் உயிர் தாங்கும். நீர் ஏறித் தொட்டதும் பொரியும்.

இதனை அறியாத நான், சென்ற ஆண்டு டிரம்மின் நீரைக் கொட்டியதோடு கடமை முடிந்ததென்று எர்ணாகுளத்து அலுவலகத்துக்கு ஓடினேன். புதுநீர் நிரப்பிய ஒரு வாரத்துக்குள் மீண்டும் புழு நெளிந்தது. அம்மாதமே மகளுக்குக் காய்ச்சல். டெங்கு என்றார் மருத்துவர். ஐந்து இரவுகள் அவள் கட்டிலருகே விழித்திருந்தேன்.

இப்பொழுது ஞாயிறுதோறும் தேங்காய் நாரால் டிரம்மின் உட்சுவரை விளிம்புவரை அழுத்தித் தேய்க்கிறேன். பிறகு வாயைப் பழைய வேட்டியால் கட்டிவிடுகிறாள் என் மனைவி.